பலகையில் மிஞ்சிய கிளிப்

லீலண்ட் குபிசெக் எங்கள் ராக்கெட் சங்கத்துக்கு விதித்தது ஒரே ஒரு நிபந்தனை. "மேல போனதெல்லாம் கீழ வந்து, உங்க கையோட வீட்டுக்குப் போயிடணும். என் புல்லுல ஒரு துண்டு உலோகம் தங்கக் கூடாது."

அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருஷம் எங்களில் ஒருவருடைய ராக்கெட் வானத்திலேயே மோட்டாரைத் துப்பிவிட்டது. ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியக் குழாய். கொஞ்சம் தேடினோம், கிடைக்கவில்லை, போகட்டும் என்று கிளம்பிவிட்டோம். அடுத்த ஜூனில் குபிசெக்கின் புல் கட்டும் இயந்திரம் அதை விழுங்கி, பல்லுடைந்து நின்றது. மேற்கே மேகம் கட்டியிருந்தது, அறுத்த புல் தரையில் கிடந்தது, இரண்டு நாள் இயந்திரம் ஓடவில்லை. பாதிப் புல் மழையில் கறுத்துப்போயிற்று. அவர் கத்தவில்லை. நசுங்கின குழாயைக் கொண்டுவந்து எங்கள் மேஜைமேல் வைத்து, "இது உங்களோடதுதானே?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னொரு தடவை ஆச்சுன்னா கேட்டைப் பூட்டிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

நெப்ராஸ்காவில் புல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மேலே மின்கம்பி இல்லாமல், பக்கத்தில் பெரிய சாலை இல்லாமல், நெருப்பும் புகையுமாக என்னவோ செய்துகொள்ளுங்கள் என்று விடுகிற சொந்தக்காரரோடு ஒரு புல்வெளி கிடைப்பதைக் கடவுள் கருணை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்தக் கருணையைக் காப்பாற்ற ஒரு பலகை செய்தோம். குபிசெக்கின் மனைவி மார்செல்லா பழைய மரத் துணி கிளிப்புகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். ஆளுக்கு ஒன்று, அதில் பெயர். ராக்கெட்டை ஏவுமேடைக்கு எடுத்துப் போகும்போது உங்கள் கிளிப்பைப் பலகையில் மாட்ட வேண்டும். ராக்கெட் திரும்பி, அதன் வாலில் மோட்டார் இருக்கிறது என்று காட்டின பிறகுதான் எடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் குபிசெக் வருவார். பலகை காலியாக இருந்தால் ஒன்றும் பேசாமல் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவார்.

பலகைக்கு முன்னால் இருந்த காவல் நான். பெயர் ஹார்லன் வாஸ். பிழைப்புக்குக் குழாய் வேலை, சனிக்கிழமைகளில் ராக்கெட் சோதனை. இந்த ராக்கெட்டுகள் ஆள் உயரம் இருக்கும். வாலில் அலுமினியக் குழாய்க்குள் எரிபொருள். இரண்டு மூன்று விநாடி எரிந்து தள்ளும். உச்சிக்குப் போனதும், மோட்டாரின் தலையில் இருக்கிற ஒரு சிட்டிகை வெடிமருந்து வெடித்துப் பாராசூட்டை முன்பக்கமாக வெளியே தள்ளும். அந்த உதை முன்னால் போகிற மாதிரியே பின்னாலும் போகும். மோட்டாரைக் கெட்டியாகப் பிடித்து வைக்காவிட்டால், பாராசூட் உள்ளேயே இருந்துவிடும், மோட்டார்தான் வெளியே போகும். அதனால் வாலில் மரை போட்ட ஒரு வளையத்தை ஒட்டி, மோட்டாரை நுழைத்த பிறகு அதன்மேல் ஒரு மூடியைத் திருகுவோம். நடுவில் ஓட்டை உள்ள மூடி. தீ வெளியே வரும், மோட்டார் வராது. அவ்வளவுதான் விஷயம்.

என் வேலை, ராக்கெட்டைக் கவிழ்த்துப் பிடித்து, மோட்டாரைப் பற்றி இழுத்துப் பார்ப்பது. வரவில்லை என்றால் அந்த ராக்கெட்டுக்கான அட்டையில் கையெழுத்து. வந்தால் திருப்பி அனுப்புவேன். அதனால் எனக்குச் சங்கத்தில் பல் டாக்டர் என்று பெயர். ஒலிபெருக்கி பிடிக்கிற டோர்சி ப்ரூயிட் வைத்த பெயர்.

அந்த அக்டோபர் சனிக்கிழமை என் சொந்த ராக்கெட்டும் வந்திருந்தது. காலையில் முதல் வேலையாக அதை நானே இழுத்துப் பார்த்து, என் அட்டையில் நானே கையெழுத்துப் போட்டு, பின்னால் ஒரு தாங்கியில் படுக்க வைத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தேன்.

பத்து மணி சுமாருக்கு ட்வைலா எம்மரிக் வந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். முப்பது வருஷ சர்வீஸ். தன் ராக்கெட்டுக்கும் அதே பேருந்து மஞ்சள் பூசி, பக்கவாட்டில் கறுப்புக் கோடு இழுத்திருந்தாள். முதல் படிச் சான்றிதழுக்கான பறப்பு அது. ராக்கெட் பத்திரமாகத் திரும்ப வேண்டும், மோட்டாரும் அதனுள்ளேயே திரும்ப வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் கிடையாது.

"டாக்டர், வலிக்காமப் பாருங்க" என்று நீட்டினாள்.

இழுத்தேன். மோட்டார் ஒரு விரல் அகலம் வெளியே வந்தது.

"ஆடுதும்மா."

"என் பஸ்ஸுல அறுபது பிள்ளைங்க ஆடுதுங்க. ஒருத்தரையும் நான் கீழ விட்டதில்ல."

"இது பஸ் இல்லையே."

"நிறத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கோணலாகத் திருகியிருக்கிறாள், முதல் மரையே கடித்துப்போயிருந்தது. இரண்டு சுற்றுக்கு மேல் ஏறாது. என் தொழிலில் தினமும் பார்க்கிற காயம் அது. இனி என்ன எண்ணெய் விட்டாலும் அந்த மூடி பிடிக்காது.

சொன்னேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கிற்று.

"அப்போ இன்னிக்கு இல்லையா? திங்கக்கிழமை சர்டிஃபிகேட்டை பஸ் கண்ணாடியில ஒட்டுறேன்னு பிள்ளைங்ககிட்ட வாய விட்டுட்டேனே."

என் ராக்கெட் பின்னாலேயே கிடந்தது. அதே அளவு, அதே வளையம். எட்டி என் மூடியைக் கழற்றி அவள் ராக்கெட்டில் வைத்துத் திருகினேன். வெண்ணெய் மாதிரி ஏறிற்று. இழுத்தேன். அசையவில்லை.

"எடுத்துக்கோங்க."

"உங்களுக்கு?"

"என் பெட்டியில வேற கிடக்கு. அப்புறம் போட்டுக்குவேன்."

அவளுடைய கெட்ட மூடியைச் சட்டைப் பையில் போட்டேன், வேறு யாரும் தெரியாமல் எடுத்து மாட்டிவிடக் கூடாதே என்று. பிறகு அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள். பெட்டியிலிருந்த மூடி பெட்டியிலேயே இருந்தது.

ட்வைலாவின் ராக்கெட் பதினொன்றரைக்கு எழும்பிற்று. டோர்சி ஒலிபெருக்கியில், "எல்லாரும் ஒதுங்கி நில்லுங்க, பஸ் கிளம்புது!" என்றான். பஸ் கிளம்பிற்று. நீல வானத்தில் ஒரு மஞ்சள் கீற்று, அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் ஒரு சின்னப் புகை, அதிலிருந்து சிவப்புப் பாராசூட். ட்வைலா புல்வெளியில் ஓடின ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐம்பத்தேழு வயசுக்காரி, பூட்ஸ் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி. திரும்பி வந்து என் முன்னால் வாலைக் காட்டினாள். மோட்டார் இருந்தது. என் மூடி கரி பூசி, சூடாக, அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போடும்போது எனக்கே சான்றிதழ் கிடைத்த மாதிரி இருந்தது. நல்லது செய்தோம் என்ற நினைப்பு ரொம்ப இனிப்பு. அந்த இனிப்பிலேயே நான் மற்றதை மறந்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு என் முறை. ராக்கெட்டைத் தூக்கினேன், அட்டையைப் பார்த்தேன். கையெழுத்து இருந்தது. என் கையெழுத்து. அதற்குமேல் என்ன பார்க்க வேண்டும்? என் மோட்டார் எப்போதுமே உள்ளே கொஞ்சம் இறுக்கமாக உட்காரும், அதனால் நிமிர்த்தி நிறுத்தின போதும் நழுவவில்லை. கிளிப்பைப் பலகையில் மாட்டிவிட்டுப் போய் நிறுத்தினேன்.

அருமையாகப் போயிற்று. உச்சியில் புகை தெரிந்தது. பாராசூட் வரவில்லை. மூக்கு கீழ்நோக்கித் திரும்பி, காற்றைக் கிழித்துக்கொண்டு, வடக்கே காற்றாலைக்குப் பக்கத்தில் ஆணி அடித்த மாதிரி தரையில் இறங்கிற்று. ஓடிப்போய்ப் பார்த்தேன். மண்ணுக்கு மேலே நின்ற வாலில் வெறும் ஓட்டை. வளையத்தில் மூடி இல்லை.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. கடித்த மரையோடு ட்வைலாவின் மூடி அங்கே இருந்தது.

ஒரு பிளம்பர் மூடி போட மறந்துவிட்டான். இருபத்தாறு வருஷமாக ஊர்க்காரர்கள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவிடாதவன். காலையிலிருந்து பதினாறு பேருடைய வாலை இழுத்து இழுத்துப் பார்த்தவன்.

மேஜைக்குத் திரும்பினபோது மணி மூன்றேகால். பலகையில் ஒரே ஒரு கிளிப் தொங்கியது. "ஹார்லன்."

டோர்சி ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தான். அவன் கெட்டவன் இல்லை. குரலைத் தாழ்த்தி, "ஒரு கிளிப்தான்யா. எடுத்துட்டா பலகை காலி. இவ்வளவு பெரிய புல்லுல ஒரு குழாய், மறுபடியும் மெஷினுக்குள்ளயா போகும்?" என்றான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவன் காது சிவந்துவிட்டது.

அவன் சொல்வதற்கு முன்பே நானும் அதை நினைத்துவிட்டேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். என் விரல் கிளிப்பைத் தொட்டுக்கூடப் பார்த்தது.

"வேண்டாம்ப்பா. தேடுவோம்" என்றேன்.

ஒலிபெருக்கியை நானே வாங்கி எல்லாருக்கும் சொன்னேன். மூடி போடாமல் ஏவிவிட்டேன், மோட்டார் விழுந்துவிட்டது, ஐந்து மணிக்குள் கிடைக்காவிட்டால் இந்த வெளி நமக்கில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "பிளம்பரே மூடி போடலையா?" எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஆளாளுக்குக் குடிக்கிற டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒருவர்கூட வண்டிப் பக்கம் போகவில்லை.

அவர்கள் தாறுமாறாகச் சிதறப் போனபோது ட்வைலாவின் பஸ் குரல் எழும்பிற்று.

"யாரும் ஓடக் கூடாது! வரிசையா நில்லுங்க. கையை நீட்டுங்க, பக்கத்து ஆள் விரல் நுனி படணும். டோர்சி, தள்ளாதே! எண்ணுங்க!"

ஒன்று, இரண்டு என்று எண்ணினோம். இருபத்திரண்டு பேர். பெரிய பெரிய ஆட்கள், தாடி வைத்தவர்கள், ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி, எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு புல்லைப் பார்த்து நடந்தோம். அவள் என் பக்கத்தில் நடந்தாள்.

"என்னாலதானே?" என்றாள் மெதுவாக.

"இல்ல. மூடியக் குடுத்தது வேற, போட மறந்தது வேற. முதலாவதுக்கு எனக்கு வருத்தமில்ல. ரெண்டாவது முழுக்க என்னோடது."

காற்றாலையைச் சுற்றி ஒரு தடவை போனோம், குறுக்கே இன்னொரு தடவை. ஒரு பழைய குதிரை லாடம், யாரோ தொலைத்த கண்ணாடி, டோர்சி ரெண்டு வருஷமாகத் தேடிய கத்தி எல்லாம் கிடைத்தன. டோர்சி கத்தியைக் கண்டு துள்ளினபோது ட்வைலா, "வரிசை கலையக் கூடாது!" என்று அதட்டினாள். மோட்டார் மட்டும் இல்லை.

நாலரைக்கே குபிசெக்கின் பழைய டிரக் வந்துவிட்டது. மார்செல்லாவும் உடன் இருந்தார், மடியில் ஒரு தட்டு நிறைய கொலாச்சி, கசகசாவும் ஆப்ரிகாட்டும் வைத்துச் சுட்ட இனிப்பு ரொட்டி. குபிசெக் இறங்கி, கையை நீட்டிக்கொண்டு நிற்கிற எங்களைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

நான் வரிசையை விட்டுப் போனேன்.

"லீலண்ட், அந்தக் கிளிப் என்னோடது. காலையில கையெழுத்துப் போட்டேன், அப்புறம் மூடிய எடுத்துட்டேன், திரும்பப் போடல. மோட்டார் உங்க புல்லுல எங்கயோ கிடக்கு."

"உன் மூடிய எதுக்கு நீயே எடுத்தே?"

நான் பதில் சொல்வதற்குள் ட்வைலா வந்து நின்றாள். "எனக்குக் குடுத்தாருங்க. என்னோடது கெட்டுப்போச்சு."

குபிசெக் ரொம்ப நேரம் தாடையைத் தேய்த்தார். "குழாய்க்காரன் தன் மூடியத் தூக்கிக் குடுத்துட்டு ஒழுகவிட்டுட்டான்" என்றார் யாருக்கோ சொல்வதுபோல. சிரித்தாரா என்று தெரியவில்லை. பிறகு டிரக்கிலிருந்து கோலை எடுத்துக்கொண்டு, "எங்கே தேடினீங்க?" என்றார்.

"ராக்கெட் விழுந்த இடத்துல."

"ராக்கெட்டு ஊசி மாதிரி, நேரா இறங்கும். குழாய் உருண்டு உருண்டு வரும், காத்து தள்ளும். இன்னிக்குக் காத்து வடக்கேருந்து." அவர் தெற்கே திரும்பினார். ஒற்றைக் கம்பி வேலிக்கு அப்பால் அவருடைய சிவப்புக் கிடேரிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்புறம் கோலை நீட்டினார்.

"அங்க பாரு. மேயுற மாடு எல்லாம் ஒரே பக்கமாத்தான் தலைய வச்சு மேயும். அந்த ஏழும் ஏன் வட்டமா நிக்குது?"

பார்த்தேன். தூரத்தில் ஏழு கிடேரிகள், தலைகளை நடுவில் கூட்டி, ஏதோ ரகசியம் பேசுகிற பெண்களைப்போல நின்றன.

"புதுசா எது கிடந்தாலும் என் மாடுங்க போய் விசாரிக்கும். மார்செல்லாவோட தொப்பிய இப்படித்தான் கண்டுபிடிச்சோம்."

"பாதியத்தான் கண்டுபிடிச்சோம்" என்றார் மார்செல்லா.

இருபத்திரண்டு பேரும் அந்தப் பக்கம் விரைந்தோம். மாடுகள் மிரளும் என்று குபிசெக் கையைக் காட்ட, கடைசி நூறடியைப் பூனை மாதிரி நடந்தோம். அவர் நாக்கைச் சொடுக்கினார். வட்டம் விலகிற்று. நடுவில், மாட்டு எச்சில் பளபளக்க, நீல நிற அலுமினியக் குழாய் கிடந்தது. ஒரு கிடேரி இன்னொரு தடவை நக்கிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றது.

யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது. டோர்சி நீதிபதியைக் கட்டிக்கொண்டான். ட்வைலா என் தொப்பியைப் பிடுங்கி மேலே எறிந்தாள். மாடுகள் பத்தடி ஓடி, திரும்பி நின்று, எங்களை விசாரிக்க ஆரம்பித்தன. நான் குனிந்து குழாயை எடுத்தேன். கை முழுக்கப் பிசுபிசுப்பு. அங்கேயே கண்ணை மூடி ஒரு நன்றி சொன்னேன். பெரிய வேண்டுதலுக்கெல்லாம் தேவதூதர்களை அனுப்புகிறவர், சின்ன வேண்டுதலுக்கு மாட்டை அனுப்பக் கூடாதா என்ன.

மேஜைக்குத் திரும்பினதும் குபிசெக் குழாயை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"ஹார்லன், இது கெடைக்கலேன்னா கேட்டைப் பூட்டியிருப்பேன். அதுல மாத்தமில்ல."

"தெரியும்."

"பலகை காலியா இருந்திருந்தா நான் தொப்பியத் தொட்டுட்டுப் போயிருப்பேன். மாடுங்களைத் திரும்பிப் பாத்திருக்க மாட்டேன். அடுத்த ஜூன்ல மெஷின்தான் கண்டுபிடிச்சிருக்கும்." அவர் என் கிளிப்பைப் பலகையிலிருந்து எடுத்து என் சட்டைக் காலரில் மாட்டினார். "வச்சுக்கோ. இப்ப பலகை காலி." தொப்பியைத் தொட்டார். அன்றைக்குத் தொட்டுவிட்டுப் போகவில்லை, உட்கார்ந்து கொலாச்சி தின்றார்.

மார்செல்லா சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். ஆமென் சொல்லி முடிக்குமுன் டோர்சி மூன்றாவதைத் தின்றுகொண்டிருந்தான். ட்வைலா வாய் நிறைய ஆப்ரிகாட்டோடு ஒரு கேள்வி கேட்டாள், அதுதான் அன்றுவரை எங்கள் சங்கத்தில் யாருக்கும் தோன்றாத கேள்வி.

"எல்லார் பல்லையும் டாக்டர் பாக்குறாரு. டாக்டர் பல்லை யாரு பாக்குறது?"

பத்து வருஷமாக என் ராக்கெட்டை நானே இழுத்து, என் அட்டையில் நானே கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை, எனக்கும்தான். என்மேல் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். ஒருவனைச் சோதித்துப் பார்ப்பதும் அவனுக்குச் செய்கிற அன்புதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அங்கேயே கையைத் தூக்கி ஓட்டுப் போட்டோம். இனி யாரும் தன் அட்டையில் தானே கையெழுத்துப் போடக் கூடாது. ஏவுமேடைக்குப் போகிற கடைசி நிமிஷத்தில் இன்னொருவர் இழுத்துப் பார்க்க வேண்டும்.

நவம்பரில் மூக்கு மாற்றின என் ராக்கெட்டோடு போனேன். மேஜைக்குப் பின்னால் ட்வைலா உட்கார்ந்திருந்தாள், சட்டைப் பையில் பேனா, பக்கத்தில் நான் கொடுத்த மூடியைப் போலவே புத்தம் புதிய மூடி ஒன்று. அதில் கறுப்பு மையில் "ஹார்லன்" என்று எழுதியிருந்தாள். ராக்கெட்டைக் கவிழ்த்துப் பிடித்து, மூடியைப் பொறுமையாக, கோணாமல், ஒவ்வொரு மரையாகத் திருகி, மோட்டாரைப் பற்றினாள். வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது.

"வாயை நல்லாத் திறங்க, டாக்டர்" என்று சொல்லி, ஒரு காலை மேஜையில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள்.

வரவில்லை.